சாய்ந்த வீட்டில் ஒற்றைக்கால்

எங்கள் வீடு சாய ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை. காங்கேயத்து மாமன் வாங்கிக் கொடுத்த பீரோவை நாலு பேர் மூச்சிரைக்கத் தூக்கிவந்து தெற்குச் சுவரோரம் இறக்கிவிட்டு நிமிர்ந்த அதே நேரம், வடக்கு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து அம்மா உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயம் ஒவ்வொன்றாக உருண்டு, ஹாலைக் கடந்து, பீரோவின் காலடியில் போய்க் கூடியது. அம்மா வெங்காயத்தைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், "தரை சாஞ்சிருச்சாட்ட இருக்குது" என்றாள், முறத்தை எடுத்துவந்து எல்லாவற்றையும் அள்ளினாள். அவ்வளவுதான். யாரும் அலறவில்லை. தூக்கிவந்த நாலு பேருக்கும் மோர் கொடுத்தோம், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி நின்று குடித்துவிட்டுப் போனார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் வீடு நேராகத்தான் இருந்தது. ஈரோட்டுக்கு வெளியே, பெட்ஷீட் கம்பெனிகளுக்கு நடுவில், மூன்று மாடிக் காலனி. அதில் முதல் மாடியில் எங்கள் வீடு. மேல் வீட்டுக்கும் ஒன்றுமில்லை, கீழ் வீட்டுக்கும் ஒன்றுமில்லை. என் அப்பா நாச்சிமுத்து தறி ஃபிட்டர். தறி ஒரு நூல் சாய்ந்து நின்றாலும் துணி கோணும் என்பதால் எந்நேரமும் சட்டைப் பையில் ரசமட்டம் வைத்திருக்கிற ஆள். வாசற்படிக்கு வெளியே அதை வைத்தார், குமிழி நடுவில் நின்றது. படிக்கு உள்ளே வைத்தார், குமிழி வடக்குக் கோடிக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை வைத்துப் பார்த்தார். பிறகு ரசமட்டத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "பேக்கிங் குடுத்தாச் சரியாப் போயிரும்" என்றார், சாய்ந்த தறியின் காலடியில் தகடு சொருகுகிற மாதிரி.

பீரோ எனக்கான சீர். இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். என் பெயர் மோனிஷா, அப்போது பதினெட்டு முடிய நாலு மாதம் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பெரிய காரணம் வேண்டும், வறுமை, காதல், வாத்தியார் அடித்தார், ஏதாவது. எதுவும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பெஞ்சில் உட்கார என்னால் முடியவில்லை, உட்காருவதைத் தவிர அங்கே எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவும் இல்லை, வெளியே வந்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒன்று யோகா, ஏனென்றால் அதை மைதானத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹாலைக் காலி பண்ணினேன். உடைந்த சோபாவைப் பழைய சாமான் வாங்குகிற எடைக்காரரிடம் தள்ளினேன், ஓடாத டிவியையும் அது உட்கார்ந்திருந்த ஸ்டாண்டையும் தள்ளினேன், சுவருக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன், நாலு பேர் துணியும் தொங்க ஒரே ஒரு கம்பி மாட்டினேன். நாலாவது ஆள் ஹாஸ்டலில் இருக்கிற என் அண்ணன். கிழக்கு ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த மூட்டைகளை நகர்த்தியதும் காலை வெயில் உள்ளே வந்து தரையில் நீளமாக விழுந்தது, அந்த வெயிலின் அளவுக்கு அம்மாவின் இஞ்ச் டேப்பால் அளந்து சாக்பீஸில் ஆறு கட்டம் போட்டேன். ஆறு கட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் பெட்ஷீட் கம்பெனியில் மடிப்பு வேலை செய்கிறவர்கள், நாள் முழுக்க நின்று குனிந்து மடித்து முதுகு வளைந்து போனவர்கள். முதல் கட்டம் ஜமுனாக்காவுடையது. கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், கை தூக்கு, முதுகை நிமிர்த்து, ஒற்றைக்காலில் நில். கடைசியில் சவாசனம்.

"பொணமாட்டக் கெடக்கறதுக்கு உங்கிட்ட வந்து படிக்கோணுமா அம்மிணி?" என்று ஜமுனாக்கா முதல் நாள் கேட்டது. ரெண்டாவது நிமிஷம் குறட்டை விட்டது.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றாத ஒன்று அந்த ஹாலில் தோன்றியது, இந்த இடத்தில் நான் இருக்கலாம் என்று. அந்த நேரம் பார்த்துத்தான் என் அப்பாவின் அக்கா, ருக்குமணி அத்தை, தன் மகன் தீபனுக்கு என்னைக் கேட்டது, பதினெட்டு முடிந்த மறு மாசமே கல்யாணம் என்று. அப்பா சரி என்று சொன்னார். நான் வேண்டாம் என்று சொன்னேன். நான் சொன்னது எங்கள் வீட்டில் மழை தூறின மாதிரி, எல்லோருக்கும் கேட்டது, யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. சீர் வர ஆரம்பித்தது.

பீரோ தெற்கே இழுக்கிறது என்றால் வடக்கே சம பாரம் வைத்தால் நேராகிவிடும், இது அப்பாவின் கணக்கு. வடக்கே தேக்குக் கட்டில் வந்தது. வீடு நேராகாமல் மேற்கே கோணிக்கொண்டது. அப்படியென்றால் கிழக்கே பேக்கிங் போதவில்லை என்று ஆறு நாற்காலியோடு சாப்பாட்டு மேஜை வந்தது, தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாங்கள் மூன்று பேர் அதன் அடியில் குனிந்து போய்வந்தோம். அதற்குப் பதில் பாரமாக டிரெஸ்ஸிங் டேபிள், அதற்குப் பதில் பாரமாக நாற்பத்தோரு பித்தளைப் பாத்திரம், ஒவ்வொன்றும் இன்னொன்றைச் சரி பண்ண வந்தது, ஒவ்வொன்றும் வந்து இறங்கின நாளில் வீடு இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தது, அப்பா மட்டும் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னொண்ணே ஒண்ணு, நின்னுரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலனிக்காரர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். பால்காரர் வாசலில் பாக்கெட்டை வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டுவார், அது வழுக்கிக்கொண்டு நேராகச் சமையலறை வாசலில் போய் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து சறுக்க வந்தார்கள், அம்மா அவர்களை வரிசையில் விட்டாள். அயர்ன்காரர் முட்டிவலிக்கு மேடேறி இறங்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருப்பதாகத் தினமும் பதினைந்து நிமிஷம் எங்கள் ஹாலில் நடந்தார், நடக்கும்போது ஊர்க்கதை சொன்னார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டே போனார், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது நான். புது கேஸ் சிலிண்டர் வந்து இறங்கிய அன்று வீடு அசையவில்லை. கல் கிரைண்டரை அறைக்கு அறை நகர்த்திப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் யாரோ சீரோடு வைத்துவிட்டுப் போன உள்ளங்கை அளவு மயில் விளக்கை அலமாரியில் வைத்ததும் கட்டிலே ஒரு அடி நகர்ந்தது. அப்போது புரிந்தது. வராண்டாவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன், இந்த வீடு கிலோ பார்க்கவில்லை, எது வேண்டாததோ அதைப் பார்க்கிறது, வீடு பொய் சொல்லாது.

அவ்வளவுதான், மறுநாளிலிருந்து வரிசை. துணி காயப்போட மட்டும் பயன்பட்ட எக்ஸர்சைஸ் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள், வீடு சாய்ந்தது. பிரிக்காத கண்ணாடிக் கிண்ண செட்டுகள், சாய்ந்தது. மகன் நாலாம் வகுப்பில் வாங்கின கோப்பைகள், ஒன்றே ஒன்று தவிர மற்றதுக்கெல்லாம் சாய்ந்தது. மூன்றாம் மாடி அந்தோணி சார், பெண்டாட்டி இறந்து ஆறு வருஷமாக மூடியே வைத்திருந்த தையல் மிஷினைக் கொண்டுவந்து, இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வீடு அசையவில்லை. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறினார், யாரையும் பிடிக்க விடவில்லை. அடுத்து ஜமுனாக்கா தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடு ஹாலில் நிறுத்தியது.

"ஏங்க்கா, ஆளையெல்லாமா பாக்கறது?"

"சும்மா பாரு அம்மிணி. எனக்கும் தெரியோணுமல்லோ."

வீடு லேசாக, ரொம்ப லேசாக, ஒரு பெருமூச்சு விடுகிற அளவு சாய்ந்தது. "பாத்தியா, பாத்தியா" என்று ஜமுனாக்கா துள்ளியது. "அது நான் சாப்புட்டு வந்த பாரம்" என்றார் அவர். அன்றிலிருந்து அவர் ராத்திரிப் பாத்திரம் கழுவுகிறார் என்று கேள்வி.

காலனியே காலியாக ஆரம்பித்தது. எடைக்காரர் ஒரு நாளைக்கு மூன்று நடை வந்தார். வீடு ஒழுங்கு பண்ணித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள், நான் போய் மூஞ்சிக்கு நேராகச் சொன்னேன், இது எதுக்கு, இதைத் தூக்குங்க, ஜன்னலுக்கு முன்னால் பீரோ வைக்கிறவங்க எதுக்கு ஜன்னல் வைக்கிறீங்க. திட்டிக்கொண்டே தூக்கினார்கள். சுவர் தெரிந்தது, வெயில் தெரிந்தது, சண்டை போடும்போது கைவீச இடம் இருந்ததால் சண்டை சீக்கிரம் முடிந்தது. மூன்று மாடியிலும் நெரிசலாகக் கிடந்தது ஒரே வீடுதான். எங்கள் வீடு. சீர் ஆயிற்றே, அதை யார் தொடுவது?

என் சாக்பீஸ் கட்டங்கள் மேல் கட்டில் கிடந்தது. மிஞ்சின இடத்தில் மூன்று பேரை நிறுத்தி ஒற்றைக்கால் சொன்னேன், மூன்று பேரும் சரிந்தார்கள். மறுநாளும் சரிந்தார்கள். தெய்வானைக்கா மேஜை முனையில் இடித்துக்கொண்டு மணிக்கட்டு பிசகி நாலு நாள் வேலைக்குப் போக முடியாமல் போனதும் நானே வகுப்பை நிறுத்தினேன். ஜமுனாக்கா முதுகு மறுபடி வளைந்தது. ஆவணி இரண்டாவது வெள்ளி, அத்தை வீட்டார் பூ வைக்க வருவதாக அப்பா சொன்னார். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கப்புறம் பெண் வாயைத் திறந்தால் அது பெண்ணின் குற்றம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அத்தை, மாமா, தீபன், கூட நாலு பேர் வந்தார்கள். அத்தை வாசற்படி தாண்டியதும் நிலையைப் பிடித்துக்கொண்டது.

"ஏன்டா நாச்சிமுத்து, இது ஊடா, பரிசலா?"

"இன்னொரு பேக்கிங் குடுத்தா நின்னுருங்க்கா."

"ஒண்ணும் குடுக்க வேண்டாம். எப்படியும் எங்கூட்டுக்கு வரப்போற சாமான்தான. இன்னைக்கே ஏத்திரலாம். வண்டி கீழதான் நிக்குது."

வண்டியோடு வந்திருந்தது அத்தை. அரைமணி நேரத்தில் பீரோ, கட்டில், மேஜை, நாற்பத்தோரு பாத்திரம், மயில் விளக்கு எல்லாம் இறங்கி மினி லாரியில் ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஹால் திரும்பி வந்தது. வெயில் வந்து விழுந்தது. பட்டுப்புடவையும் அம்மாவின் நகையுமாக நான் கிழக்கே பார்த்துப் பலகையில் உட்கார்ந்தேன், தட்டை என் எதிரில் நாலடி தள்ளி வைத்தார்கள். தட்டிலிருந்த தேங்காய் உருண்டது. உருண்டு வந்து என் முட்டியில் இடித்து நின்றது.

எழுந்து சமையலறைப் பக்கம் போனேன். தேங்காய் கூடவே வந்தது. ஜன்னல் பக்கம் போனேன். ஜன்னல் பக்கம் வந்தது. வேலைக்கு லீவு போட்டு வராண்டாவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மொத்தக் காலனியும் தேங்காயைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"நகையா இருக்கும்ங்க" என்றது ஜமுனாக்கா வெளியிலிருந்து. நகையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தேன். உள்ளே போய்ப் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு யோகாவுக்குப் போடுகிற பழைய சுடிதாரோடு வந்தேன். தேங்காய் நிலைப்படியிலேயே எனக்காகக் காத்திருந்தது.

அத்தை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. பரிதாபமாகச் சொன்னது: "பொட்டப்புள்ளதான் பாரம்னு நான் அப்பவே சொன்னனே நாச்சிமுத்து. பீரோவையும் கட்டலையும் சொல்லி என்ன பண்றது? ஊட்டுக்குப் பாரம் எதுன்னு ஊடே காமிக்குது. வேண்டாததக் காமிக்கும்னு இவதான ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா? வா கண்ணு, வந்து உக்காரு."

நான் சொன்னதுதான். வராண்டாவில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அந்தோணி சார் மிஷினுக்கு நம்பின வீட்டை எனக்கு மட்டும் நம்பமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அப்பா தலையைத் தொங்கப்போட்டிருந்தார். நான் அந்தத் தேங்காயைப் பார்த்தேன், ஒன்று தெளிவாகத் தெரிந்தது: பீரோவுக்கு நாலு கால் இருக்கிறது, நடக்கத் தெரியாது, அதனால் அதைத் தூக்கினார்கள். எனக்கு ரெண்டுதான் இருக்கிறது.

"பாரமாவே இருந்துட்டுப் போறேன்" என்றேன். "பாரம்னா எறக்கி வெச்சே ஆகோணும்னு எந்தச் சட்டம்? ஊடு சொன்னா? ஊடு யாரு எனக்கு? நானே சுண்ணாம்பு அடிச்ச சொவரு."

நடு ஹாலுக்குப் போய் வலது காலை மடக்கி இடது தொடையில் பதித்து, ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சேர்த்து நின்றேன். பூ வைக்க வேண்டுமென்றால் பெண் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். உட்காராத பெண்ணுக்குப் பூ வைக்க எங்கள் பக்கத்தில் வழியே கிடையாது. சுவரில் மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு ராகு காலம்.

"என்னடி கூத்து இது? எத்தன நேரம் நிப்ப?"

"பத்தரை வரைக்குங்க அத்தை."

மாமா எழுந்து வந்து என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினார். அதுவரை நிமிராத அப்பா நிமிர்ந்து, "மச்சான், தொடாதீங்க" என்றார். தறிக்கொட்டகையில் கத்துகிற குரல். "ஓடிட்டிருக்கறப்ப கை வெச்சா வெரலு போயிரும்." மாமா கையை எடுத்துக்கொண்டார். அப்பாவே தான் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்பட்ட மாதிரி நின்றார்.

என்னைச் சுற்றித் தரை நாலாபக்கமும் சரிந்து ஒரு வாணலி மாதிரி ஆகியிருந்தது, அதன் அடியில் நான். ஜமுனாக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது, பின்னாலேயே தெய்வானைக்கா கட்டுப்போட்ட கையோடு, அப்புறம் மிச்ச நாலு பேர். சரிவில் நின்றார்கள். ஆட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் என் தப்பு எனக்கே உறைத்தது. இத்தனை நாளும் சமமான தரைக்குக் கற்றுக்கொண்டதையே சாய்ந்த தரையில் சொல்லிக்கொண்டிருந்தேன், அப்பா பேக்கிங் வைத்த மாதிரி.

"பள்ளத்துப் பக்கம் இருக்கற காலை ஊனுங்க" என்றேன். "மேட்டுக் காலைத் தூக்குங்க. தரை எப்படியோ போகுது, அதைப் பாக்காதீங்க. ஒடம்பு நேரா நிக்கோணும், தரையில்ல. என் விரல் நுனியப் பாருங்க."

நின்றார்கள். ஆடினார்கள், ஊன்றினார்கள், நின்றார்கள். பத்து மணிக்குக் காலை மாற்றினோம். தட்டைப் பிடித்துக்கொண்டே நின்ற அம்மா பத்து இருபதுக்குத் தட்டைக் கீழே வைத்தாள், முந்தானையைச் செருகினாள், ஒற்றைக்காலைத் தூக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள், வகுப்பில் அது செல்லாது, ஆனால் நின்றாள்.

"பரிமளா, நீயுமா?" என்றது அத்தை.

"முதுகு வலிக்குதுங்க நங்கை" என்றாள் அம்மா. "இருவது வருசமா."

தீபன் போனைப் பையில் போட்டான். "அம்மா, எனக்கு இது வேண்டாம்னு போன வருசமே சொன்னன்ல. வாங்க, பசிக்குது."

பத்தரை ஆனபோது என் தொடை நெருப்பாக இருந்தது, வேர்வை கண்ணில் இறங்கியது, ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டுத்தான் காலை இறக்கினேன். அத்தை பூவைத் திரும்பக் கவரில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், நிலையைப் பிடித்து இறங்கிப் போனது. இன்னும் எங்களோடு பேசுவதில்லை. கீழே லாரி டிரைவர், "ஏனுங்ணா, சாமான எங்க எறக்கறது?" என்று மேலே பார்த்துக் கத்தினார். அப்பா வராண்டாவுக்குப் போய், "காங்கேயத்துக்கு ஓட்டு" என்றார். அது மாமன் வீட்டைச் சாய்க்கிறதா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

வீடு நேராகிவிட்டது என்று சொல்லி முடித்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும். ஆகவில்லை. இப்போது என்னிடம் பதினொரு பேர் வருகிறார்கள், சாய்ந்த தரையில் நிற்கிறார்கள், கம்பெனியில் நிமிர்ந்து மடிக்கிறார்கள். நான் வெளியே போனால் வீடு சமமாகிவிடும், அந்த நேரம் அம்மா வசதியாக அரிசி களைவாள், அப்பா ஷேவிங் பண்ணுவார். நான் திரும்பி வந்து படிக்குள் ஒரு காலை வைத்தால் போதும், அடுப்பில் கொதிக்கிற குழம்பு சட்டியில் என் பக்கமாக ஒதுங்கும். அம்மா அதைப் பார்த்து, என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே, "வந்துட்டியா?" என்பாள்.

"வந்துட்டேன். நவுரு."